கல் எண் 417

2024 ஜூன் 3, திங்கள்

இடது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தது. கத்தி வைத்தது பதினைந்து நிமிஷம். அதற்காகப் பச்சைத் தொப்பி மாட்டி வரிசையில் உட்கார வைத்தது மூன்று மணி நேரம். வலது கண்ணில் உலகம் இன்னும் மோருக்குள்தான் கிடக்கிறது. அதற்கு அடுத்த மாதம் தேதி தருவார்களாம்.

ஜூன் 5, புதன்

குனியக் கூடாது. தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது. அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட யோசித்துத்தான் தும்ம வேண்டும். படிக்கிற கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான், அதுவரை சின்ன எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டு வைக்கவில்லை. ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதுகிறேன். முப்பது வருஷம் இறையியல் கல்லூரியில் எபிரெயமும் அரமேயமும் சொல்லிக் கொடுத்தவளின் கையெழுத்து இப்போது ஒன்றாம் வகுப்புக் கையெழுத்து.

சொட்டு மருந்து முழுக்க இவர் பொறுப்பு. முப்பத்துநான்கு வருஷம் சர்வேயராக இருந்த மனிதர் சும்மா விடுவாரா? எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை சொட்டு என்று கட்டம் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். கீழே 'அருமைநாயகம்' என்று கையெழுத்து வேறு. சொட்டு விடும்போதெல்லாம் "ஆடாத, ஆடாத" என்கிறார், வயல்காட்டில் சங்கிலி பிடிக்கிறவனிடம் சொல்வாரே, அதே குரல்.

சமையலும் அவர்தான். சாம்பாரில் இன்றைக்கு இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது. இன்னொரு கரண்டி சோறு போட்டுப் பிசைந்துகொண்டேன்.

ஜூன் 7, வெள்ளி

எனக்கு ஒரு இ-மெயில். கம்ப்யூட்டர் எழுத்து தெரியவில்லை என்பதால் இவர்தான் படித்துச் சொன்னார்.

"ரானான்னு ஒரு பொண்ணு, ஜோர்டான்லேந்து எழுதுதா. பழைய கல்வெட்டுல டாக்டர் பட்டத்துக்குப் படிக்காளாம். எம்பத்து நாலுல நீங்கள்லாம் பாலைவனத்துல கல்லு கணக்கெடுத்தீங்கல்லா, அதுல நானூத்திப் பதினேழாம் நம்பரப் பத்திக் கேக்கா."

"என்ன கேக்கா?"

"அந்தக் கல்லு இப்ப அங்க இல்லையாம். ரோடு போட்டுட்டாவளாம். போட்டோ கறுப்பு வெள்ளையாம், ஒண்ணும் தெரியலையாம். மிச்சம் இருக்கது உன் கார்டுதான். எழுத்தோட நிறமும் கல்லோட நிறமும் ஒண்ணுதான்னு அதுல நீ எழுதியிருக்கியாம். நெசந்தானான்னு ஒரு வரி எழுதித் தரணுமாம். அவ ஆராய்ச்சியே அந்த ஒரு வரியிலதான் நிக்குதாம்."

எந்தக் கல் என்று நினைவில்லை என்றேன்.

"நாப்பது வருசத்துக் கல்லு, எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டு மருந்தை எடுத்தார். முதல் சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் கண்ணை மூடி இருக்க வேண்டும். இருந்தேன்.

ஜூன் 8, சனி

மூடினால் கறுப்புக் கல்தான் தெரிகிறது.

பாலைவனம் என்றால் எல்லாரும் மணலை நினைப்பார்கள். அங்கே மணல் கிடையாது. அடிவானம் வரைக்கும் கறுப்புக் கல், யாரோ அடுப்புக்கரியைக் கொட்டி நிரவிவிட்ட மாதிரி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள் அந்தக் கல்லில் கீறி வைத்துப் போனார்கள். அரபிக்கும் எபிரெயத்துக்கும் ஒன்றுவிட்ட உறவு அவர்கள் மொழி. பெருமை பீற்றல் ரொம்பக் கிடையாது. 'இன்னார் எழுதியது, இன்னார் மகன். இங்கே தங்கினான். அண்ணன் எழுதியதைக் கண்டான், ஏங்கினான்.' பெரும்பாலும் அவ்வளவுதான். ஒருவன் எழுதியதை இன்னொருவன் வந்து பார்ப்பான், அவனை நினைத்து ஏங்குவான், ஏங்கினதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போவான். சில கற்களில் கடைசியாக ஒரு சாபம்: இந்த எழுத்தை அழிக்கிறவன் கண் குருடாகட்டும்.

எனக்கு இருபத்தேழு வயது. ஆறு பேர் குழு. பேராசிரியர் கயிறு கட்டி நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார். நம் பட்டையில் நாம் மட்டும் நடக்க வேண்டும். எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால் எண் போட்டு, பார்த்து வரைந்து, போட்டோ எடுத்து, கார்டு நிரப்ப வேண்டும். கார்டில் 'வெட்டின் நிறம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய கீறல் நாளாக நாளாகக் கல்லின் கறுப்பையே வாங்கிக்கொள்ளும், புதுக் கீறல் வெளுப்பாக நிற்கும். எது அசல், எது போன வருஷம் வந்தவன் கிறுக்கியது என்பதற்கு அந்தக் கட்டம்தான் சாட்சி. கட்டத்தை நிரப்பினவர் சொன்னால் சொன்னதுதான்.

தமிழர் இரண்டு பேர். நானும், முதலூர் ஜெயசிங்கும். பட்டியலில் அவன் பெயரை இரண்டாக உடைத்து 'ஜெ. சிங்' என்று போட்டுவிட்டார்கள். அந்த வருஷம் முழுக்க, தலைப்பாகை எங்கே என்று எல்லோரும் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனும் சலிக்காமல், சலவைக்குப் போட்டிருக்கிறேன் என்பான். அவன் அம்மா கொடுத்துவிட்ட கருப்பட்டி ஒரு டால்டா டின் நிறைய வைத்திருந்தான். மத்தியான டீயில் ஆளுக்கொரு சில்லு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேருமே சபை. அவன் பாடுவான், சுதி சேராது. நான் ஆமென் சொல்லுவேன்.

சந்தோஷமாக இருந்தேன். அதற்கப்புறம் அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. இந்த வரியை எழுதினதும் அடித்துவிடலாம் என்று பார்த்தேன். எங்கே எழுதினேன் என்று தெரியவில்லை, அதனால் கிடக்கட்டும்.

ஜூன் 10, திங்கள்

பதில் எழுதவில்லை. காற்றும் புழுதியும். ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

இவர் என்னைக் கேட்காமலே அந்தப் பெண்ணுக்குப் பதில் போட்டிருக்கிறார்: மனைவிக்குக் கண் ஆபரேஷன், பொறுத்து எழுதுவார், அந்தக் கல்லில் என்னதான் இருக்கிறது என்று தெரிவித்தால் ஞாபகப்படுத்த உதவியாக இருக்கும். பென்ஷன் வாங்கின பிறகும் அரசாங்கக் கடித நடை போகவில்லை இவருக்கு.

அவள் தன் வாசிப்பை அனுப்பிவிட்டாள். இவர் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியைச் சத்தமாக இழுத்துப் போட்டார்.

"ஹெப்சி, கேளு. 'தங்கராசு எழுதியது, மாசிலாமணி மகன். இங்க தங்குனான்.' அந்த எழுத்துல உயிரெழுத்தே கெடையாதாம், ஒரு குத்துமதிப்பாத்தான் வாசிக்கணுமாம். இந்தப் பேரு அவுக நாட்டுப் பட்டியல் எதுலயும் இல்லையாம். சென்னைக்காரன் ஒருத்தன்ட்ட காமிச்சிருக்கா, தமிழ்ப் பேரு மாதிரி இருக்கேன்னிருக்கான். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி நம்மாளு ஒருத்தன் அங்க போயிருக்கான்ட்டி!"

"செங்கடல் பக்கம் தமிழ் எழுத்துள்ள பானை ஓடு கிடைச்சிருக்கு. அதனால அவளுக்கு அப்படித் தோணியிருக்கும்" என்றேன். பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னேன்.

"இன்னும் இருக்கு. ஏங்குனானாம். யாருக்காகத் தெரியுமா? ஹெப்சிபான்னு ஒருத்திக்காக. எபிரெயப் பேருங்கதால அந்தப் பக்கத்துப் பொண்ணாத்தான் இருக்கணும்ங்கா. தமிழ் வியாபாரிக்கும் யூதப் பொண்ணுக்கும் காதல்னு ஒரு அத்தியாயமே எழுதி வச்சிருக்கா." இவர் வாய்விட்டுச் சிரித்தார். "உன் பேருல்லா!"

பழைய பெயர்தான், பைபிளில் மனாசே ராஜாவின் அம்மாவுக்கும் அதுதான் பெயர் என்றேன்.

"ம்" என்றார். சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. மருந்து நேரத்துக்கு இன்னும் அரைமணி இருந்தது, ஆனாலும் மருந்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 13, வியாழன்

காலை நடைக்குப் போன இடத்தில் இவர் இதைத் திருமலைக்கொழுந்து ஐயாவிடம் சொல்லித் தொலைத்திருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பொருநை வரலாற்று வட்டம் என்று ஒன்று நடத்துகிறார். பத்து மணிக்கெல்லாம் ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, நாப்பது வருசம் இத மூடி வச்சிருக்கீங்களே, நியாயமா? வர்ற இருவத்தி மூணு ஞாயித்துக்கிழம உங்களுக்குப் பாராட்டுக் கூட்டம். மண்டபம் சொல்லியாச்சு. 'அரேபியப் பாலையில் ஒரு தமிழ்க் காதலன்'. தலைப்பு எப்படி?"

எனக்குக் கண் சரியில்லை என்றேன்.

"கறுப்புக் கண்ணாடி போட்டுட்டே மேடையில இருங்கம்மா. அதுவும் ஒரு கம்பீரந்தான்."

ஜூன் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

தங்கராசு என்பது ஜெயசிங்கின் வீட்டுப் பெயர். ஞானஸ்நானத்தில் ஜெயசிங், வீட்டில் தங்கராசு, மாசிலாமணி வாத்தியார் மகன். அந்த நாடு முழுக்க அந்தப் பெயர் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

1984 நவம்பர், முகாமின் கடைசிக்கு முந்தின நாள். என் பட்டையில், என் கண்ணுக்குத் தப்பவே முடியாத இடத்தில் அந்தக் கல் இருந்தது. எழுத்து அத்தனை அழகு. நாள் முழுக்கக் கல்லைப் பார்த்து வரைந்து வரைந்து பழகின கை, அந்த மேய்ச்சல்காரர்கள் வளைக்கிற மாதிரியே வளைத்துக் கீறியிருந்தது. வெளுப்புத் தெரியாமல் இருக்கத் தேயிலைச் சக்கையைத் தேய்த்திருக்கிறான். அப்படியும் வெளுப்பாகத்தான் நின்றது, டீ வாசனை வேறு. முட்டி போட்டுப் படித்தேன். தங்கினான், ஏங்கினான், என் பெயர். அழிக்கிறவன் கண் குருடாகட்டும் என்பதைக்கூட விடவில்லை.

இரண்டு பட்டை தள்ளி அவன் எதையோ அளக்கிற மாதிரி குனிந்து நின்றான். கையில் டேப் இல்லை.

சிரித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கலாம். அல்லது எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. நான் கார்டை எடுத்தேன். எண் 417 என்று போட்டேன். வரைந்தேன், போட்டோ எடுத்தேன். 'வெட்டின் நிறம்' என்ற கட்டத்தில் 'கல்லின் நிறமே' என்று எழுதினேன்.

சாயந்திரம் கார்டுகளை அடுக்கும்போது அவன் அதைப் படித்தான். டால்டா டின்னில் இருந்த கடைசிக் கருப்பட்டித் துண்டை எடுத்து முழுசாக என் டீயில் போட்டான்.

அந்தக் கட்டத்தில் எழுதினதுதான் நான் அவனுக்குச் சொன்ன பதில். அதைத் தவிர வேறு பதில் நான் சொன்னதே இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

கூட்டமும் புழுதியும் ஆகாது என்பதால் கோயிலுக்குப் போகவில்லை. இவர் மட்டும் போய்வந்தார்.

ஜனவரியில் அப்பாவுக்கு முடியவில்லை என்று அவன் ஊருக்குக் கிளம்பினான். "நீயும் வந்துரேன்" என்றான். இன்னும் ஒரு சீசன் முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். ஆகஸ்டில் அவனையே மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. தந்தி பல்கலைக்கழக ஆபீசுக்கு வந்து கிடந்திருக்கிறது, நான் பாலையில் இருந்தேன். பத்தொன்பது நாள் கழித்துப் பிரித்தேன்.

அது சின்ன வயசு என்று சொல்லலாம். 1996-க்கு என்ன சொல்ல? கல்வெட்டுத் தொகுதி அச்சாவதற்கு முன்னால் பேராசிரியர் என் பக்கங்களைத் திருத்தச் சொல்லி அனுப்பினார். அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். வேறு மூன்று பிழைகளைத் திருத்தினேன். 417-ஐத் தொடவில்லை. அதை எடுத்துவிட்டால் அவன் எங்கே இருப்பான்? முதலூர்க் கல்லறையில் ஒரு சிமென்ட் சிலுவை, அதுவும் உப்புக் காற்றில் உதிர்கிறது. கல்லறைத் திருநாள்தோறும் ஒரு பழைய நண்பர் என்று சொல்லிப் போய்வருகிறேன். இவர் வெளியே பனைமரத்தடியில் ஸ்கூட்டரோடு நிற்பார். யார் என்று இதுவரை கேட்டதில்லை.

இப்போது உண்மையைச் சொன்னால் அவன் எழுத்தை நானே அழிக்கிறேன். சொல்லாவிட்டால் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் படிப்பை என் பொய்மேல் கட்டுகிறாள். அழித்தால் கண் குருடு என்று எழுதினானே பாவி, கண் ஆபரேஷன் நேரமாகப் பார்த்து வந்து நிற்கிறதே என்று சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமும் வந்தது. அழவும் கூடாதாம், கண்ணுக்கு ஆகாதாம்.

ஜூன் 18, செவ்வாய்

இருபத்தைந்தாம் தேதி ரானா ஆராய்ச்சியை ஒப்படைக்க வேண்டுமாம், மறுபடியும் கேட்டிருக்கிறாள்.

"ஒரு வரிதான, சொல்லு, நான் அடிச்சிருதேன்" என்றார் இவர்.

நான் வேறு ஒன்று கேட்டேன். "உங்க வேலையில, தெரிஞ்சே ஒரு கல்லத் தப்பாப் பதிஞ்சா என்ன ஆகும்?"

இவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். "ராதாபுரம் பக்கம் ஒருத்தர். எனக்கு சீனியர். நல்ல மனுசன். கூட்டாளிக்காக, அளக்காத எல்லைக்கல்ல அளந்ததா புக்குல ஏத்திட்டார். இன்னைக்கு வரைக்கும் கோர்ட்ல கெடக்கு. யாரும் கல்லப் பாத்துச் சண்ட போடல, புக்கப் பாத்துதான் போடுதாவ. புக்குல ஏறிட்டுன்னா அது கல்லவிட கெட்டி."

"அப்ப என்னதான் செய்யணும்?"

"எழுதுன ஆளு உசுரோட இருந்தா அவரே வந்து சொல்லணும். வேற யாரு சொன்னாலும் செல்லாது." போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "பிடி. ஆடாத."

கறுப்புக் கண்ணாடி வழியாக அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, இவர் ஒற்றை விரலால் அடித்தார். ஒரு எழுத்தைத் தேட அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் எத்தனையோ தடவை நிறுத்திவிடலாம் என்று இருந்தது.

எழுத்து புதியது. வெட்டு வெளுப்பாகவே இருந்தது. தெரிந்தே பொய் எழுதினேன். பன்னிரண்டு வருஷம் கழித்துத் திருத்த வாய்ப்பு வந்தும் திருத்தவில்லை. எழுதியவர் குழுவில் இருந்த ஜெ. சிங், அவர் வீட்டுப் பெயர் தங்கராசு, அவர் பஞ்சாபி அல்ல. அதில் வருகிற பெண் எபிரெயப் பெண் அல்ல.

"அந்தப் பெண் நான்தான்" என்று சொன்னேன்.

விரல் நின்றது. பிறகு கேட்டார்: "ஸ்பெல்லிங் உன் பாஸ்போர்ட்ல உள்ளதுதான?"

ஆமாம் என்றேன். அடித்தார். முழுக் கடிதத்தையும் ஒரு தடவை திருப்பி வாசித்துக் காட்டினார், அளவைப் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல். "அனுப்பட்டா?" என்றார். அனுப்புங்கள் என்றேன். அதற்குப் பிறகு மாடிக்குப் போனவர் ரொம்ப நேரம் இறங்கி வரவில்லை. துணி காயப் போட்டேன் என்றார். துணியெல்லாம் நேற்றே மடித்தாயிற்று.

ஜூன் 20, வியாழன்

திருமலைக்கொழுந்து ஐயாவையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"அப்ப அது நம்ம முதலூர்ப் பையனாம்மா?"

"ஆமாய்யா."

"தமிழன்தானே. கொஞ்சம் பிந்திப் போயிருக்கான், அவ்வளவுதான்." காபியைக் குடித்து முடித்தார். "கூட்டம் வேண்டாம்னு சொல்லிருதேன். நீங்க உடம்பப் பாத்துக்கிடுங்க."

ஜூன் 22, சனி

ரானாவிடமிருந்து ஒன்றும் இல்லை. சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

ஜூன் 24, திங்கள்

பதில் வந்துவிட்டது. இவர் முதலில் மனசுக்குள் முழுசாகப் படித்துவிட்டு, பிறகுதான் சத்தமாகப் படித்தார்.

இரண்டு நாள் அழுதாளாம். நாற்பது பக்கத்தை எடுத்துப் போட்டாயிற்றாம், ஒப்படைக்கும் தேதியைத் தள்ளிக் கேட்டிருக்கிறாளாம். என்னை மன்னிப்பதற்குக் கொஞ்ச காலம் ஆகும் என்று எழுதியிருக்கிறாள். வேண்டியதுதான் எனக்கு. அதற்குக் கீழேதான் விஷயம். தொகுதியில் ஏறிய எண்ணை எடுக்கிற வழக்கமே கிடையாதாம். எடுத்தால் அதற்குப் பின்னால் வந்த எண்களும் அவற்றை மேற்கோள் காட்டின கட்டுரைகளும் குழம்பிப்போகும். அதனால் 417 அப்படியேதான் இருக்கும், குறிப்பு மட்டும் மாறும். புதுக் குறிப்பை எழுதி, சம்மதமா என்று கேட்டிருக்கிறாள்.

"வாசிக்கேன்" என்றார் இவர். "'கல் எண் நானூத்திப் பதினேழு. பழையதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்து நாலு, நவம்பர். எழுதியவர் தங்கராசு, மாசிலாமணி மகன், முதலூர். பதிவு செய்தவர் ஹெப்சிபா, பாளையங்கோட்டை. அவன் இங்கே தங்கினான். அவளுக்காக ஏங்கினான்.'"

நான் அழிக்கப் போகிறேன் என்று பயந்தது இப்போது ஊர் பேர் எல்லாம் சேர்ந்து அச்சாகப் போகிறது. அழக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, ஆனால் பிரயோஜனமில்லை.

"கடைசி வரி வேண்டாம்னு எழுதிருங்க" என்றேன்.

"எதுக்கு? கல்லுல இருக்கதத்தான போடணும்?"

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

இவர் கம்ப்யூட்டரை அணைத்தார். ஃபிரிட்ஜ் பக்கம் போய்க் கட்டத்தைப் பார்த்தார். மருந்தை எடுத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"வருசா வருசம் முதலூருக்கு ஸ்கூட்டர் ஓட்டுனது யாரு? ஒரு கல்லு இருக்குன்னு நம்ம கல்யாணம் ஆன வருசமே எனக்குத் தெரியும் ஹெப்சி. நம்பர்தான் தெரியாம இருந்துச்சு."

தலையைச் சாய்த்தேன். இமையை விரித்துப் பிடித்து, "ஆடாத" என்றார். சொட்டு கன்னத்தில் விழுந்தது. ஆடினது நான் இல்லை.